மாடியில் ஓடிய ஏ.சி., கீழ் வீட்டில் ஏறிய 420 யூனிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

தனி வீடு, இரண்டு தளம். கீழே வீட்டுக்காரர், மனைவி, கல்லூரி போகும் மகன். மாடியில் ஜூன் முதல் வாடகைக்கு நால்வர் குடும்பம். இரண்டு தளத்துக்கும் தனித்தனி சிங்கிள் ஃபேஸ் சர்வீஸ் (மின் இணைப்பு). வாசல் பக்கச் சுவரில் இரண்டு ஸ்டாட்டிக் மீட்டர் (சுற்றும் சக்கரம் இல்லாத எலக்ட்ரானிக் மீட்டர்) அடுத்தடுத்து இருக்கின்றன. போர் மோட்டாரும் மேல்தொட்டியும் பொது, மோட்டாரின் இணைப்பு கீழ் வீட்டு மீட்டரில். திருச்சி, மதுரை, கோவை என எந்த ஊரின் புறநகரிலும் தெருவுக்கு நாலு வீடு இந்த அமைப்பில் இருக்கும். இங்கே சொல்லும் பழுதும் இப்படிப்பட்ட வீடுகளில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எண்களை ஒரே வீட்டின் கணக்காக வைத்துப் போட்டிருக்கிறோம்.

கீழ் வீட்டில் ஏ.சி. கிடையாது. போன வருடம் ஆகஸ்ட், செப்டம்பர் கணக்கில் 460 யூனிட் வந்தது; அப்போது மாடி காலி. இந்த வருடம் அதே இரண்டு மாதம், அதே 61 நாள், 880 யூனிட்.

யூனிட் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, ஆனால் பில் மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி 460 யூனிட்டுக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 வீதம் 235, அடுத்த 200-க்கு 4.70 வீதம் 940, மிச்சம் 60-க்கு 6.30 வீதம் 378. மொத்தம் 1,553 ரூபாய். அந்தக் கட்டணத்தில் 500-ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான அந்த 2.35 சலுகை போய், அதற்கும் 4.70 ஆகிவிடும். 880-க்கு 1,410 + 630 + 840 + 1,890 + 840 என்று 5,610 ரூபாய். கூடுதலாக வந்த 420 யூனிட் ஒவ்வொன்றும் சராசரியாக 9 ரூபாய் 66 காசு. பில் தொகையை மட்டும் பார்த்து “மூணு மடங்கு கரண்ட் ஓடியிருக்கு” என்று முடிவுகட்டினால் தேடுவது தப்பான திசையில் போகும். முதலில் ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டைப் பார்க்க வேண்டும்.

பில் சரியா என்பது முதலில்

வயரிங்கைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயம். மீட்டரில் இப்போது ஓடும் ரீடிங், பில்லில் உள்ள கடைசி ரீடிங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கணக்கெடுத்ததில் பிழை. இரண்டாவது, முந்தைய கணக்கின்போது வீடு பூட்டியிருந்து பழைய அளவையே போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். போட்டிருந்தால் நாலு மாத யூனிட் இரண்டு மாதத் தலையில் விழும். மூன்றாவது, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மீட்டரில் உங்களுடையது எது என்பது. இதில் நிச்சயமாக இருக்கும் பலர் தவறாகவே இருக்கிறார்கள். உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு எந்த மீட்டரின் சிவப்பு விளக்கு சிமிட்டுவதை நிறுத்துகிறது என்று பாருங்கள். பிறகு அந்த மீட்டரில் அச்சடித்த எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் மூன்றும் சரியாகவே இருந்தன. 880 என்பது மீட்டர் நிஜமாகவே எண்ணிய எண்ணிக்கைதான்.

420 யூனிட்டை வாட்டாக மாற்றினால்

420-ஐ 61 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு 6.9 யூனிட். அதை 24 மணி நேரத்தால் வகுத்தால் 287 வாட். இரவும் பகலும் நிற்காமல் 287 வாட் இழுக்கும் ஏதோ ஒன்று, அல்லது அதற்குச் சமமாக விட்டுவிட்டு இழுக்கும் பெரியது ஒன்று. வழக்கமாகச் சந்தேகப்படும் சாமான்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு எண்ணை வைத்தே வடிகட்டலாம்.

ஃபிரிட்ஜ்: 250 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் நாளுக்கு ஒரு யூனிட் சுற்றிதான் இழுக்கும். கேஸ் குறைந்தோ கதவு ரப்பர் போயோ கம்ப்ரஸர் நிற்காமலே ஓடினாலும் 150 வாட் கணக்கில் 3.6 யூனிட். கூடுதல் 2.6-தான் ஆகிறது, 6.9 வராது. செட்டாப் பாக்ஸ் 15 வாட் என்றால் நாளுக்கு 0.36. கீசர் 2,000 வாட். தினம் மூன்றரை மணி நேரம் ஓடினால்தான் கணக்கு வரும், ஆகஸ்ட் மாதத்தில் யாரும் அப்படிக் குளிப்பதில்லை. 1 ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் உள்ளே இழுப்பது சுமார் 1.25 கிலோவாட், கூடுதலாக ஐந்தரை மணி நேரம் ஓட வேண்டும், அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆக ஒரே சாமான்மேல் பழிபோட வழியில்லை. வீட்டில் புதிதாக வந்தது ஒன்றே ஒன்று: ஜூலையில் வைத்த இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரியும்.

இன்வெர்ட்டர் மேல் சந்தேகம் நியாயமானதே. பேட்டரி கெட்டு, நிரம்பாமலே 8, 10 ஆம்பியரில் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் நாளுக்கு 3 யூனிட் வரை போகும். ஆனால் இது புதுப் பேட்டரி. நிரம்பிய பின் இழுத்தது அளந்தபோது சுமார் 25 வாட், நாளுக்கு 0.6 யூனிட். இதை ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் பகல் 11 மணிக்கு எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். விளக்கு 20 நொடிக்கு ஒருமுறை சிமிட்டியது. “இது இன்வெர்ட்டர் இழுக்கிறதுதாங்க, லீக்கேஜ் எதுவும் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்த நேரத்துக்கு அவர் சொன்னது பொருத்தமாகத்தான் பட்டது. பிசகு, பார்த்த நேரத்திலேயே இருந்தது.

எந்த நேரத்தில் கூடுதலாகப் போகிறது என்று தெரியாமல் எங்கே போகிறது என்று தேடக் கூடாது. இதற்குக் கருவி வேண்டாம். காலை 6, பகல் 2, இரவு 10 என்று மூன்று வேளை மீட்டரைக் கைப்பேசியில் படமெடுத்தால் போதும், மூன்று நாள். மீட்டரில் தசமப் புள்ளிக்குப் பிறகுள்ள எண்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும். இந்த வீட்டில் இரவு 10 முதல் காலை 6 வரை மட்டும் 6.3 யூனிட் போயிருந்தது. கீழ் வீட்டில் அந்த எட்டு மணி நேரத்தில் ஓடுவது இரண்டு மின்விசிறி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர். தாராளமாகப் போட்டாலும் 235 வாட், 1.9 யூனிட். மீதி 4.4 யூனிட் எல்லாரும் தூங்கும் நேரத்தில் போகிறது.

அதனால் அடுத்த சோதனை இரவு 11 மணிக்கு.

ஸ்டாட்டிக் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சடித்திருக்கும். சிங்கிள் ஃபேஸ் மீட்டர்களில் 3200 பரவலாகக் காணப்படும் எண். 3200 என்றால் கணக்கு சுலபம்: ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று பார்த்து, 1125-ஐ அதனால் வகுத்தால் அந்த நேரத்து வாட் வந்துவிடும். 5 நொடி என்றால் 225 வாட், 1 நொடி என்றால் 1,125 வாட். ஒன்றை மட்டும் எண்ணினால் பிசகும்; பத்துச் சிமிட்டலுக்கு நேரம் பார்த்துப் பத்தால் வகுக்க வேண்டும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் 36,00,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வரும் விடையை 1125-க்குப் பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்த வரிசை இது. முதலில் இன்வெர்ட்டரை அதன் முன்பக்க சுவிட்சில் நிறுத்த வேண்டும். இதை விட்டால், எம்.சி.பி.யை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கியதும் கரண்ட் போய்விட்டதாக எண்ணி பேட்டரியிலிருந்து கொடுக்கத் தொடங்கும். மறுபடி ஏற்றியதும் சார்ஜ் இழுத்து எண்ணிக்கையைக் குழப்பும். பிறகு டி.பி. என்ற பெட்டியில் உள்ள எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் பத்துச் சிமிட்டலுக்கு நேரம் பார்ப்பது. எதை இறக்கும்போது வேகம் சட்டென்று குறைகிறதோ அந்த லைனில்தான் வேலை.

இங்கே எல்லா எம்.சி.பி.யும் இறங்கிய பிறகும் விளக்கு நிற்கவில்லை. வீடு முழுக்க இருட்டு. மீட்டர் மட்டும் பத்துச் சிமிட்டலுக்கு 13 நொடி என்று ஓடுகிறது. அதாவது 865 வாட். மெயின் சுவிட்சை இறக்கியதும் சட்டென்று நின்றது. மறுபடி மெயினை மட்டும் ஏற்றியதும் சிமிட்டல் திரும்ப வந்தது. சில நிமிடம் கழித்து, யாரும் எதையும் தொடாமலே, வேகம் தானாகக் குறைந்து பத்து நொடிக்கு ஒன்று என்று ஆனது. இன்னும் சில நிமிடத்தில் பழைய வேகம் தானாகவே வந்தது. தானாக நின்று தானாக ஓடும் ஒன்று கம்ப்ரஸர்தான். இந்த வீட்டில் ஓடும் ஏ.சி. ஒன்றுதான், அது மாடியில்.

மெயின் என்பது டபுள் போல் வகை, ஃபேஸையும் (கரண்ட் வரும் கம்பி) நியூட்ரலையும் (அது திரும்பும் கம்பி) சேர்த்து வெட்டும். எம்.சி.பி.கள் சிங்கிள் போல் வகை, ஃபேஸை மட்டும் வெட்டும். எம்.சி.பி.யில் நிற்காதது மெயினில் நிற்கிறதென்றால், மீட்டர் எண்ணிக்கொண்டிருப்பது நியூட்ரல் கம்பியில் போகும் கரண்டை.

மீட்டர் ஏன் நியூட்ரலை எண்ணுகிறது

பழைய சக்கர மீட்டர் ஃபேஸ் கம்பியின் கரண்டை மட்டும் பார்த்தது. ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, கரண்டை எர்த்தில் திருப்பித் திருடுவது என்று அதை ஏமாற்ற வழி இருந்தது. அதனால் இப்போதைய ஸ்டாட்டிக் மீட்டரில் இரண்டு கம்பியிலும் அளவெடுக்கிறார்கள். இரண்டும் சமமாக இருந்தால் சிக்கலில்லை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எது கூடுதலோ அதை வைத்து யூனிட் போடும். முகப்பில் எர்த் என்று குறித்த சின்ன விளக்கோ அடையாளமோ எரியும். திருடுபவரைப் பிடிக்க வைத்த ஏற்பாடு, வயரிங் தப்பாக உள்ள வீட்டுக்காரரையும் பிடித்துக்கொள்கிறது.

இந்த வீட்டு மீட்டரிலும் அந்த விளக்கு இரவெல்லாம் எரிந்திருக்கிறது. யாரும் அதைப் பார்த்ததில்லை; பார்த்திருந்தாலும் ‘எர்த் நல்லா இருக்கு’ என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

உறுதிசெய்ய கிளாம்ப் மீட்டர் வேண்டும். டாங் டெஸ்டர் என்றும் சொல்வார்கள். கம்பியை வெட்டாமல், கவ்விப் பிடித்து அளப்பது. மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே, ஈபி சீல் எதையும் தொடாமல், மெயின் பெட்டிக்குள் வரும் கம்பிகளில் எடுத்த அளவுகள் இவை. எல்லாம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்போது, மாடி கம்ப்ரஸரும் ஓடும்போது:

கீழ் வீடு: ஃபேஸ் 1.2 ஆம்பியர், நியூட்ரல் 4.9 ஆம்பியர்.
மாடி வீடு: ஃபேஸ் 8.0 ஆம்பியர், நியூட்ரல் 4.3 ஆம்பியர்.

இரண்டு ஃபேஸையும் கூட்டினால் 9.2. இரண்டு நியூட்ரலையும் கூட்டினாலும் 9.2. கரண்ட் எங்கேயும் மண்ணுக்குள் போகவில்லை. மாடியில் ஓடிய 8 ஆம்பியரில் 3.7, திரும்பி வரும்போது கீழ் வீட்டு நியூட்ரல் வழியாக இறங்குகிறது. மாடி மீட்டர் தன் ஃபேஸைப் பார்த்து 8.0-ஐ முழுசாக எண்ணிவிட்டது. கீழ் மீட்டர் தன் நியூட்ரலைப் பார்த்து 4.9 எண்ணுகிறது. அந்த 3.7 ஆம்பியருக்கு இரண்டு பேரும் பணம் கட்டுகிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு குணம் உண்டு. இரண்டு நியூட்ரலும் சேர்ந்துவிட்டால் மொத்தக் கரண்டும், கம்பிகளின் தடையைப் பொறுத்து, இரண்டு வழியிலும் பிரியும்; இந்த வீட்டில் ஏறக்குறைய பாதிப் பாதி. இரண்டு வீடும் ஒரே அளவு இழுக்கும்போது ஒருவருக்கும் நட்டமில்லை, ஒன்றும் கண்ணில் படாது. ஒரு வீடு அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுக்கும்போது, குறைவாக இழுக்கும் வீட்டின் தலையில்தான் கூடுதல் விழும். சிக்கனமாக இருப்பவருக்கே அடி. கம்ப்ரஸர் நின்றபோது மாடியில் சுமார் 1 ஆம்பியர், கீழே 1.2, கூடுதல் அறவே இல்லை. பகல் 11 மணிக்கு மாடியில் ஃபிரிட்ஜ் மட்டும் ஓடியது. அதில் பாதி கீழே வந்ததைத்தான் எலக்ட்ரீஷியன் இன்வெர்ட்டர் என்று நினைத்தார். கீழ் வீட்டு மோட்டார் ஓடும் நேரத்தில் இது தலைகீழாகி மாடி மீட்டரிலும் கொஞ்சம் ஏறியிருக்கும்.

இணைந்த இடம்

இரண்டு வீட்டு மெயினையும் இறக்கிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கீழ் டி.பி.யின் நியூட்ரல் லிங்க்குக்கும் (நியூட்ரல் கம்பிகள் எல்லாம் சேரும் பட்டை) மாடி டி.பி.யின் நியூட்ரல் லிங்க்குக்கும் நடுவே பார்த்தால் 0.4 ஓம். சம்பந்தமே இருக்கக் கூடாத இரண்டு லிங்க் இவை. திறந்த சர்க்யூட் என்று காட்ட வேண்டும்.

காரணம் ஜூலையில் போட்ட இன்வெர்ட்டர் வேலை. மாடியில் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் கரண்ட் போனாலும் ஓடட்டும் என்று, கீழ் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஃபேஸ் கம்பியை மாடிக்கு இழுத்திருந்தார்கள். அந்த விளக்கு, ஃபேனின் நியூட்ரல் மாடி டி.பி.யில் இருந்தது. இன்வெர்ட்டருக்குத் திரும்பும் வழி வேண்டுமே என்று கூடவே ஒரு 1.5 சதுர மி.மீ. கறுப்புக் கம்பியால் இரண்டு நியூட்ரல் லிங்க்கையும் சேர்த்துவிட்டார்கள்.

அப்போதே வீடு எச்சரித்திருக்கிறது. கீழ் டி.பி.யில் 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தது. போகிற கரண்டும் வருகிற கரண்டும் 30 மில்லிஆம்பியர் வேறுபட்டாலே விழ வேண்டியது அது. இங்கே வேறுபாடு 3.7 ஆம்பியர், நூறு மடங்குக்கும் மேல். இணைத்த அன்றே விழுந்தது, ஏற்ற ஏற்ற விழுந்தது. “ஆர்.சி.சி.பி. சும்மா சும்மா விழுதுங்க, பழசாயிடுச்சு, எடுத்துவிட்டுட்டேன்” என்பதுதான் நடந்தது. பெட்டி அதன் இடத்தில் இருந்தது, அதன் வழியாக எதுவும் போகவில்லை. மெயினிலிருந்து நேரே பஸ்பாருக்கு (எம்.சி.பி.களுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பட்டை) கம்பி. ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதை மாற்றுவதோ தவிர்ப்பதோ கடைசி வேலை. புது வேலை செய்த அன்று விழுந்தால், பிழை அந்த வேலையில்தான்.

கரண்ட் பில்லைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் அந்த இணைப்பில் இருந்தது. மாடி மெயினை அணைத்துவிட்டு ஃபேனைக் கழற்றப் போகிறவருக்கு, கீழிருந்து வரும் ஃபேஸ் உயிரோடு காத்திருக்கும். மாடி சர்வீஸின் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் மாடியின் முழுச் சுமையும் அந்த 1.5 மி.மீ. கம்பி வழியாக இறங்கும்; நியூட்ரலில் எம்.சி.பி. இல்லாததால் காப்பாற்ற எதுவுமில்லை, கம்பி சுட்டு உருகும்.

இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளிலும் இதே சேர்க்கை வேறு வழிகளில் வரும். மாடிப்படி விளக்குக்கு ஃபேஸ் ஒரு வீட்டிலிருந்தும் நியூட்ரல் இன்னொரு வீட்டிலிருந்தும் எடுப்பது, கேட் விளக்கு, பொதுக் காலிங் பெல். எல்லாவற்றையும்விட அதிகம், பாகம் பிரித்த வீடுகள்: ஒரே வயரிங்காக இருந்த வீட்டுக்கு இரண்டாவது மீட்டர் வாங்கும்போது ஃபேஸை மட்டும் பிரித்துவிட்டு நியூட்ரலைப் பழையபடியே விட்டிருப்பார்கள். கேட் விளக்கு 9 வாட் என்றால் பில்லில் தெரியாது, ஆனால் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும்.

எர்த் விளக்கு எரிந்தால் எல்லாம் இதே பழுதல்ல

போர் மோட்டார் உள்ள வீட்டில் இன்னொரு காரணமும் அதே விளக்கை எரியவைக்கும். சப்மெர்சிபிள் கேபிள் கேசிங்கில் உரசித் தோல் உரிந்தோ, தண்ணீருக்குள் இருக்கும் ஜாயின்ட் ஊறியோ ஃபேஸ் தண்ணீருக்கு வந்துவிடும். மலிவான மோட்டார் பேனல்கள் சில, ஆஃப் செய்தாலும் ஒரு கம்பியை மட்டுமே வெட்டும். அந்த ஒன்று நியூட்ரலாக அமைந்துவிட்டால், மோட்டார் நின்றிருக்கும்போதும் கேபிள் முழுக்க ஃபேஸ் இருக்கும். 24 மணி நேரமும் கசியும். 1 ஆம்பியர் கசிந்தாலே 230 வாட், நாளுக்கு ஐந்தரை யூனிட், 61 நாளில் 337.

இரண்டையும் பிரித்தறிவது கிளாம்ப் மீட்டரில் ஒரு நிமிட வேலை. ஃபேஸ் கூடுதல், நியூட்ரல் குறைவு என்றால் உங்கள் வீட்டுக் கரண்ட் வெளியே போகிறது: எர்த் கசிவு, அல்லது உங்கள் கரண்ட் பக்கத்து நியூட்ரலில் திரும்புகிறது. நியூட்ரல் கூடுதல், ஃபேஸ் குறைவு என்றால் வெளிக் கரண்ட் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. இந்த வீட்டில் இரண்டாவது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரே கவ்வலில் பிடித்தால் சரியான வீட்டில் பூஜ்யம் காட்ட வேண்டும். எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு வித்தியாசம். கசிவு என்று சந்தேகம் வந்தால் மோட்டார் கேபிளைப் பேனலிலிருந்து கழற்றி, 500 வோல்ட் மெக்கரில் (கம்பித் தோலின் காப்புத் தடையை அளக்கும் கருவி) எர்த்துக்கு எதிராகப் பார்க்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் கீழே போனால் மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதுதான். இங்கே மோட்டார் லைனில் மெக்கர் நன்றாகவே காட்டியது.

மிச்சக் கணக்கு

நியூட்ரல் வழியாக வந்தது: 3.7 ஆம்பியர், 230 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.9 என்று வைத்தால் 766 வாட். இரவில் கம்ப்ரஸர் நிஜமாக ஓடும் நேரம் நாலே முக்கால் மணிக்குக் கொஞ்சம் மேல். ஆக நாளுக்கு சுமார் 3.7 யூனிட். இன்வெர்ட்டர் வழியாகக் கீழ் மீட்டரில் ஓடிய மாடி ஃபேனும் விளக்கும் 0.8. இன்வெர்ட்டர் தானே இழுப்பது 0.6. மூன்றும் சேர்ந்து 5.1. தேட வேண்டியது 6.9. இன்னும் ஏதோ இருக்கிறது.

அது மோட்டார். ஆட்டோமேட்டிக் லெவல் கன்ட்ரோலர் உள்ள வீடு; தொட்டி இறங்கினால் தானே ஓடி, நிரம்பினால் தானே நிற்கும். கையால் மோட்டார் போடும் வீட்டில் “காலையிலதானே போட்டோம், அதுக்குள்ள காலியா?” என்று ஒருவர் கேட்பார். கன்ட்ரோலர் கேட்காது. ஒழுகல் எவ்வளவானாலும் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும்.

சோதனை எளிது. இரவு 11 மணிக்கு கன்ட்ரோலரை அணைத்து, தொட்டியில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, காலை 5 மணிக்கு யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பார்ப்பது. மட்டம் 32 செ.மீ. இறங்கியிருந்தது. 110 செ.மீ. விட்டமுள்ள 1,000 லிட்டர் தொட்டியில் 1 செ.மீ. என்பது ஒன்பதரை லிட்டர்; ஆறு மணி நேரத்தில் 300 லிட்டர், மணிக்கு 50, நாளுக்கு 1,200. எந்த இடம் என்று பார்க்க ஒவ்வொரு ஃபிளஷ் தொட்டியிலும் சில துளி நீல மை விட்டு 20 நிமிடம் விட வேண்டும். மாடியின் பின்பக்கக் கழிவறையில் கோப்பைக்குள் நீலம் இறங்கியது. ஃபிளஷ் வால்வின் அடி வாஷர் கெட்டியாகி, ஓரம் வெடித்திருந்தது. ஃபுட் வால்வு, நான்-ரிட்டர்ன் வால்வு (ஏறிய தண்ணீர் திரும்பாமல் தடுப்பவை) என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். தொட்டியிலிருந்து போருக்குத் திரும்புகிறதா என்று டெலிவரி பைப் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பைப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்ததால் அந்த வழியே இல்லை.

மோட்டார் 1,000 லிட்டர் ஏற்ற 35 நிமிடம் எடுத்தது. 1,200 லிட்டர் ஒழுகலுக்கு 42 நிமிடம், 1.25 கிலோவாட்டில் 0.9 யூனிட். மாடியில் நால்வர், ஆளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 540 லிட்டர், அதற்கு 0.4 யூனிட். இது நியாயமான செலவு, பழுதில்லை. மொத்தம் 6.4. மீதி அரை யூனிட்டை ஃபிரிட்ஜ் கதவு ரப்பர், கூடுதல் மின்விசிறி நேரம் என்று எதில் வேண்டுமானாலும் எழுதலாம். அதைத் துரத்துவதற்கு ஆகும் நேரத்துக்குப் பலனில்லை.

சரிசெய்த விதம்

மாடி விளக்கையும் ஃபேனையும் மாடி டி.பி.யின் ஃபேஸுக்கே திருப்பியது. கீழிருந்து போன ஃபேஸ் கம்பியையும் நியூட்ரல் கம்பியையும் இரண்டு முனையிலும் கழற்றி, பைப்புக்குள்ளிருந்தே உருவி எடுத்தது. முனையை டேப் சுற்றி விட்டால் அடுத்து வருபவர் மறுபடி சேர்த்துவிடுவார். ஒரு சர்வீஸிலிருந்து இன்னொரு சர்வீஸுக்கு கரண்ட் கொடுப்பது எப்படியும் கூடாத வேலை. மாடிக்கு பேக்கப் வேண்டுமென்றால் அவர்களுக்கென்று சிறிய இன்வெர்ட்டர் ஒன்றுதான் வழி. கீழ் டி.பி.யில் ஆர்.சி.சி.பி. மீண்டும் இணைக்கப்பட்டது, இன்வெர்ட்டருக்குப் போகும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே அதற்குப் பின்பிருந்து எடுக்கப்பட்டன. ஒன்றை முன்பிருந்தும் ஒன்றைப் பின்பிருந்தும் எடுத்தால் மறுபடி விழும், மறுபடி யாராவது அதைத் தவிர்த்துவிடுவார்கள். பரிசோதனைப் பொத்தானை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்தது. ஃபிளஷ் வால்வுக்குப் புது வாஷர்.

இரண்டு மெயினையும் இறக்கி, நியூட்ரல் லிங்க்குகளுக்கு நடுவே மல்டிமீட்டர்: 0.4 ஓம் இருந்த இடத்தில் இப்போது திறந்த சர்க்யூட். இரவு 11 மணிக்கு மாடி ஏ.சி. ஓட, கீழ் மெயின் மட்டும் ஏறியிருக்க, எம்.சி.பி. எல்லாம் இறங்கியிருக்க, ஐந்து நிமிடத்தில் ஒரு சிமிட்டல்கூட இல்லை. எர்த் விளக்கும் அணைந்தது.

அடுத்த ஏழு நாளில் 63 யூனிட், நாளுக்கு 9. முந்தைய 14.4-லிருந்து 5.4 குறைவு, எதிர்பார்த்தது 3.7, 0.8, 0.9 சேர்ந்து 5.4. கட்டிவிட்ட பணத்தைத் திரும்பக் கேட்கப் பெரிய வாய்ப்பில்லை. மீட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்தது, பிழை வீட்டு வயரிங்கில். மீட்டரைச் சோதிக்கச் சொல்லிக் கட்டணம் கட்டியிருந்தாலும் மீட்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வந்திருக்கும்.

நாளுக்கு 9 என்றால் 61 நாளில் 549 யூனிட், அதே கட்டணப்படி 2,452 ரூபாய். 500-க்கு மேலே 49 யூனிட் நிற்கிறது. அந்த 49-தான் இனி விலை உயர்ந்தது. கீழ் வீட்டில் தினம் 12 மணி நேரம் ஓடும் இரண்டு பழைய 75 வாட் ஃபேனை 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினால் நாளுக்கு 1.08 யூனிட், ஒரு கணக்குக்கு 66 குறைந்து 483 ஆகும். பில் 1,698 ரூபாய். இரண்டு ஃபேன், இரண்டு மாதத்துக்கு 754 ரூபாய் மிச்சம். இதே ஃபேன்களை 880 யூனிட் ஓடிய காலத்தில் மாற்றியிருந்தால் அது 814 யூனிட் ஆகியிருக்கும். பில் ஐயாயிரத்தை நெருங்கியே இருந்திருக்கும், மாடி ஏ.சி.யின் கரண்ட் கீழே இறங்கிக்கொண்டே இருந்திருக்கும்.